இலாகாவின் உள்வலையும் கிராமத்து அலுவலரும்

விவசாய இலாகா போன்ற பெரியதொரு ஸ்தாபனம், தன்னிடம் சேர்ந்துள்ள அறிவைத் தன் உத்தியோகஸ்தர் அனைவருக்கும் உரிய காலத்தில் எட்டச் செய்வது எவ்வாறு என்னும் விஷயம், மேலெழுந்தவாரியாகப் பார்ப்போருக்கு வெறும் அலுவலகக் காரியமாகவே தோன்றும். ஆயினும் அதன் பலாபலன் முடிவில் வந்து விழுவது வயலில்தான். ஆராய்ச்சி நிலையத்தில் அறியப்பட்டதொன்று கிராமத்துக்குச் செல்லும் உதவி வேளாண்மை அலுவலருக்குத் தெரியாதிருப்பின், குடியானவரைப் பொறுத்தவரை அது அறியப்படாததேயாகும்.

இன்ட்ராநெட் அல்லது உள்வலை என்பது, ஒரு ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்கள் மாத்திரம் புகுந்து பார்த்தற்குரிய இணையப் பக்கங்களின் தொகுதி. சுற்றறிக்கைகள், படிவங்கள், இருப்புக் கணக்குகள், தொலைபேசி எண்கள், கள அறிக்கைகள், வினா விடைகள் முதலியன அதில் அடங்கும். தமிழ்நாட்டில் இதற்கு வேண்டிய கம்பியும் கருவியும் இல்லையென்று சொல்வதற்கில்லை. எல்காட் நிறுவனத்தின் பொறுப்பிலுள்ள மாநில வலையமைப்பு, தலைமைச் செயலகத்தை ஜில்லா, தாலுகா, வட்டார அலுவலகங்களுடன் பிணைத்துள்ளது. தேசியத் தகவலியல் மையம் ஆக்கிய மின் அலுவலக முறையில் கோப்புகள் நகர்கின்றன. குடியானவர்களுக்கென 2018 ஏப்ரலில் உழவன் செயலி தொடங்கப்பெற்றது. எனவே கவலைக்குரியது கருவியைப் பற்றியதன்று. கருவிக்குள் எதை வைப்பது, யார் வைப்பது, பழையதை எப்போது எடுப்பது என்னும் ஏற்பாட்டிலேயே இவ்விஷயத்தின் நன்மை தீமை அனைத்தும் அடங்கியிருக்கின்றன.

இதனைத் திருவள்ளூர் ஜில்லாவை முன்வைத்து ஆராய்வது பொருத்தமாகும். 14 வட்டாரங்களைக் கொண்ட இந்த ஜில்லாவில் நிலமும் நீரும் ஒரே தன்மையன அல்ல. மேற்கே பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, திருத்தணிப் பக்கங்களில் நிலக்கடலை, கரும்பு, மா ஆகியவை பயிராகின்றன. கிழக்கே பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் பக்கங்களில் நெல்லே பிரதானம். அந்நெல்லும் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகங்களாக வருவது. மீஞ்சூரைச் சூழ்ந்த கடலோரப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்ததனால் கடல் நீர் உட்புகுந்துள்ளமை பல்லாண்டுகளாக அறியப்பட்ட உண்மை. ஆகவே மாநிலம் முழுமைக்கும் பொதுவாக எழுதப்பட்ட ஒரு பக்கம், திருத்தணிக்கும் மீஞ்சூருக்கும் ஒருங்கே பயன்படாது. திரூர் நெல் ஆராய்ச்சி நிலையமும் அதனை அடுத்த வேளாண் அறிவியல் நிலையமும் இந்த ஜில்லாவுக்குள்ளேயே இருக்கின்றன. டி.கே.எம். 9, டி.கே.எம். 13 முதலிய நெல் ரகங்கள் திரூரில் தோன்றியவையே. அறிவு அருகிலிருக்கின்றது, அது நடந்து செல்லும் வழியே செம்மைப்படுத்தத்தக்கது.

கும்மிடிப்பூண்டியின் நிலை இன்னும் தனிப்பட்டது. சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் பெருஞ்சாலையை ஒட்டி அங்கே சிப்காட் தொழிற்பேட்டை விரிந்துள்ளது. அண்மையில் தேர்வாய் கண்டிகையிலும் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. அப்பக்கத்துக் கிராமங்களில் பகலோ இரவோ ஆலையில் ஷிப்டு வேலை பார்த்து, எஞ்சிய பொழுதில் நிலத்தைக் கவனிப்போர் உண்டு. இத்தகையோர் வேளாண்மை விரிவாக்க மையத்திற்கு வருவது ஒரு விடுமுறை நாளில், ஒரே தடவை. அன்று விதை இருப்பு உண்டா, எந்த ரகம், மானியத்துக்கு என்ன பத்திரம் தேவை, காப்பீட்டுக்குக் கடைசி நாள் எது என்னும் வினாக்களுக்குத் திட்டமான விடை கிடைக்காவிடில் அவர்கள் மறுமுறை வருவதில்லை. போகம் அவர்களுக்காகக் காத்திருப்பதுமில்லை. இவ்வாறு இரண்டு மூன்று போகங்கள் பிசகிய பின்னர் நிலத்தைத் தரிசாக விடுவதோ விற்றுவிடுவதோ எளிதாகத் தோன்றிவிடும். அவ்வொரு தடவையில் அலுவலரின் கையில் சரியான விடை இருக்கச் செய்வதே உள்வலையின் முதற்கடமை.

தற்காலத்தில் அலுவலகங்கள் பலவற்றில் செய்திகள் வாட்ஸ்அப் குழுக்களின் வழியாகவே ஓடுகின்றன. விரைவு என்னும் குணம் அவற்றுக்கு உண்டு; அதை மறுத்தல் நியாயமன்று. ஆனால் குழுவில் வந்த செய்தி ஆற்றில் விட்ட ஓலைக்கு ஒப்பானது. நேற்றைய சுற்றறிக்கை இன்றைய வாழ்த்துகளின் கீழே மறைந்துபோகின்றது. திருத்தப்பட்ட ஆணை வந்தபோது பழைய ஆணை அழிவதில்லை. இரண்டும் ஒரே தோற்றத்துடன் கைப்பேசியில் கிடக்கின்றன. அலுவலர் இடம் மாறினாலோ ஓய்வு பெற்றாலோ அவரது கைப்பேசியோடு அவ்வட்டாரத்தின் நினைவும் போய்விடுகின்றது. புதிதாக வருபவர் எந்த ஏரிப் பாசனத்தில் எந்த ஆண்டு எந்நோய் கண்டது என்பதை முதலிலிருந்து விசாரிக்கவேண்டியவராகிறார்.

பழைய பக்கம் நீங்காதிருப்பதால் நேரும் கேட்டுக்கு ஓர் உதாரணம் கூறலாம். போரேட், பாஸ்பாமிடான், டிரையசோபாஸ் ஆகிய பூச்சிமருந்துகள் ஒரு காலத்தில் நெற்பயிருக்குச் சிபாரிசு செய்யப்பட்டவை. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட ஆணையின்படி இவை 2020 டிசம்பர் 31 முதல் தடைசெய்யப்பட்டன. தடைக்கு முன் அச்சாகிய துண்டறிக்கைகளும், அவற்றைப் பார்த்து எழுதப்பட்ட கணினிப் பக்கங்களும் அந்த நாளன்று தாமே மறைந்துவிடுவதில்லை. யாரேனும் ஒருவர் அவற்றை எடுத்தாலன்றி, அவை இலாகாவின் பெயரைத் தாங்கித் தவறான யோசனையைச் சொல்லிக்கொண்டேயிருக்கும். பிழையான பக்கம், பக்கமே இல்லாமையைவிடக் கெடுதலானது.

இவ்விடர் விவசாய இலாகாவுக்கு மாத்திரம் உரியதன்று. ஜெனீவா நகரத்தை அடுத்துள்ள செர்ன் என்னும் அணுத்துகள் ஆராய்ச்சி ஸ்தாபனத்தில், 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் தம் மேலதிகாரிக்கு ஒரு யோசனைப் பத்திரம் சமர்ப்பித்தார். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் அவ்விடத்தில் பலர் இரண்டாண்டுகள் தங்கிச் சென்றுவிடுவதால், செய்த வேலையின் விவரம் இழந்துபோகின்றது என்பதே அவர் எடுத்துக்காட்டிய குறை. அக்குறையைத் தீர்க்கப் பிறந்த ஏற்பாடே இன்று உலகெங்கும் பரவியுள்ள வலை. அது தோன்றிய காலத்தில் அதனை அந்த ஸ்தாபனத்தாரிடையே வழக்கப்படுத்தியது எது என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஸ்தாபனத்தின் தொலைபேசிப் பட்டியலை அதில் ஏற்றியதே அது. நாள்தோறும் அனைவருக்கும் வேண்டியிருந்த எளியதொரு பொருள் அங்கே தவறாமல் கிடைத்தமையால், ஜனங்கள் மற்றவற்றுக்கும் அங்கே வரத் தலைப்பட்டனர். தலைவரின் படத்தையும் விழாப் புகைப்படங்களையும் முகப்பில் வைத்துத் தொடங்கும் உள்வலைகள் இப்பாடத்தை மறந்தவை.

தமிழ்நாட்டு விவசாய இலாகாவுக்குத் தன் சரித்திரத்திலேயே ஒரு படிப்பினை உண்டு. 1981 முதல் உலக வங்கியின் உதவியோடு இங்கே பயிற்சியும் பார்வையிடலும் என்னும் விரிவாக்க முறை நடைபெற்றது. கீழ்நிலை அலுவலருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குறித்த நாளில் பயிற்சி. பின்னர் குறித்த நாளில் குறித்த கிராமத்துக்குச் செல்லுதல். கணினி இல்லாத காலத்தில் அதுவே இலாகாவின் உள்வலையாக இருந்தது எனலாம். அதன் பலம், நாளும் ஆளும் நிச்சயமாக இருந்தமை. எந்த அலுவலர் எப்போது வருவார் என்பது குடியானவருக்குத் தெரிந்திருந்தது. அதன் பலவீனம், செய்தி பெரும்பாலும் மேலிருந்து கீழே மாத்திரம் வந்தமையும், ஒரே சிபாரிசு பலவகை நிலங்களுக்கும் பொதுவாக்கப்பட்டமையும் ஆகும். புதிய ஏற்பாடு அந்த ஒழுங்கை மேற்கொண்டு அந்தக் குறையை நீக்குதல் வேண்டும்.

செய்தி இருவழியும் செல்லுமாறு அமைத்த முயற்சியொன்று அண்டையிலுள்ள புதுச்சேரியில் நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை நடுநாயகமாகக் கொண்டு கிராம அறிவு மையங்களை அமைத்தது. தொலைபேசிக் கம்பி போதாத இடங்களில் வானொலி அலை வழியே கிராமங்கள் இணைக்கப்பட்டன. கிராமத்துத் தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள், உள்ளூர்த் தேவையைக் கேட்டு நடுநிலையத்துக்கு அனுப்பினர். நடுநிலையத்தார் விஷயத்தைத் திரட்டித் தமிழில் திருப்பி அனுப்பினர். வீராம்பட்டினத்து மீனவர்களுக்குக் கடலலையின் உயரம் நாள்தோறும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு கிராமத்தில் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கை அந்த ஒலிபெருக்கியின் மூலமே ஊராருக்கு அறிவிக்கப்பட்டு, அவர்கள் உயிர் தப்பினர். தினந்தோறும் சிறு காரியத்துக்கு வழங்கிவந்த கருவியே ஆபத்து நாளில் நம்பிக்கைக்குரியதாக நின்றது.

இனித் தூரதேசம் போகாமல், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளின் வழக்கத்தையே நோக்கலாம். அபாயகரமான ரசாயனங்களைப் பற்றிய 1989-ஆம் ஆண்டின் மத்திய விதிகள், அத்தகைய பொருள்களுக்குப் பாதுகாப்பு விவரத் தாள் இருக்கவேண்டும் என்கின்றன. 1987-இல் முதன்முதலாக வெளியான ஐ.எஸ்.ஓ. 9001 என்னும் தர நிர்ணயத்தைக் கைக்கொண்ட ஆலைகளில், வேலை முறையைக் கூறும் பத்திரங்கள் அங்கீகரிக்கப்பட்டவையாகவும், எத்தனையாவது திருத்தம் என்று அடையாளம் காணத்தக்கவையாகவும் இருத்தல் வேண்டும். புதிய திருத்தம் வந்தால் பழைய பிரதியைத் தொழிலாளர் தவறுதலாகப் பயன்படுத்தாதவாறு தடுத்தல் வேண்டும். ஆலையில் ஒரு திருகாணியை முடுக்குவதற்கு உள்ள இந்த ஒழுங்கு, ஓர் ஊரின் சம்பாப் பயிருக்கு யோசனை சொல்வதில் இல்லாதிருத்தல் தகுமோ என்பது சிந்திக்கற்பாலது.

மேற்கூறியவற்றினின்று சில விதிகள் தாமே பெறப்படும். முதலாவது, உள்வலையைத் திட்டமிடுவோர் தலைமை அலுவலகத்தின் பிரிவுகளை வரிசைப்படுத்துவதை விடுத்து, கிராமத்தில் கேட்கப்படும் வினாக்களைத் திரட்டித் தொடங்கவேண்டும். ஒரு வட்டாரத்தில் ஒரு போகம் முழுவதும் விரிவாக்க மையத்தில் வந்த வினாக்களைக் குறித்துவைத்தால், எந்தப் பக்கங்கள் தேவை என்பது தானே விளங்கும். பிரிவுகளின் பெயரால் அமைந்த வலையில், உரக் கட்டுப்பாடு எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதை முன்பே அறிந்தவரே வழி காண்பர்.

இரண்டாவது, ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுப்பாளர் ஒருவரும், மறுபரிசீலனைக்கு ஒரு தேதியும் இருத்தல் வேண்டும். பொறுப்பாளர் பதவியின் பெயரால் குறிக்கப்பட்டால், ஆள் மாறினும் கடமை மாறாது. குறித்த தேதிக்குள் புதுப்பிக்கப்படாத பக்கம் தானாகவே கண்ணில் படாமல் ஒதுங்கிவிடுமாறு செய்தல் நன்று. பூச்சிமருந்துச் சிபாரிசுகளுக்கு இது மிகவும் அவசியம்.

மூன்றாவது, ஒரு புள்ளிவிவரம் ஒரு முறையே கேட்கப்படவேண்டும். சாகுபடிப் பரப்பை ஒரு படிவத்திலும், விதை விநியோகத்துக்காக மற்றொன்றிலும், கூட்டத்துக்காக வேறொன்றிலும் அதே அலுவலர் எழுதும்படி நேரின், அவ்வேலைக்கு ஆகும் பொழுது வயலிலிருந்து எடுக்கப்பட்ட பொழுதேயாகும். பரப்புக் கணக்கு ஒரு முறை ஏறியபின் வேண்டிய அறிக்கைகளைக் கணினியே ஆக்கிக்கொள்ளவேண்டும்.

நான்காவது, மேலே சென்ற செய்திக்குக் கீழே பதில் வரவேண்டும். அதற்குக் கெடுவும் வேண்டும். புகையான் பூச்சி நெற்பயிரின் தூரில் தங்கிச் சாற்றை உறிஞ்சுவது. மேலிருந்து பார்ப்போருக்குப் பயிர் வட்டவட்டமாகக் காய்ந்த பின்னரே அது புலப்படும். மீஞ்சூர் வட்டாரத்தில் ஓர் அலுவலர் இன்று அதைக் கண்டு எழுதினால், சோழவரத்தாரும் கும்மிடிப்பூண்டியாரும் அன்று மாலைக்குள் அறிந்து தம் பகுதியில் தூரைப் பிரித்துப் பார்க்கச் சொல்லவேண்டும். நீரை வடித்தல், தழைச்சத்தைக் குறைத்தல், பைரித்ராய்டு மருந்துகளைத் தவிர்த்தல் ஆகிய யோசனைகள் அப்போதே பயன்படும். திரூர் ஆராய்ச்சி நிலையத்தாரின் மறுமொழி இரண்டொரு நாளில் வருமென்று அலுவலர் நம்பினால், அடுத்த முறையும் அவர் கண்டதை எழுதுவார். பதில் வராத பெட்டியில் எவரும் நெடுங்காலம் கடிதம் போடுவதில்லை.

ஐந்தாவது, பக்கங்கள் தமிழிலும், சிறு கைப்பேசியில் படிக்கத்தக்கனவாகவும், அலைத்தொடர்பு அற்ற வேளையிலும் திறக்கத்தக்கனவாகவும் இருத்தல் வேண்டும். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலால் சென்னையிலும் திருவள்ளூர் ஜில்லாவிலும் பெருமழை கொட்டியபோது, மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அற்றுப்போயின. நீர் சூழ்ந்த சம்பா வயலுக்கு யோசனை மிகவும் வேண்டியிருப்பது அத்தகைய நாட்களிலேதான். முக்கியமான பக்கங்களின் பிரதி கைப்பேசியிலேயே தங்கியிருக்குமாறு செய்தல் அரிய காரியமன்று.

ஆறாவது, குடியானவரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, நில விவரம் ஆகியவற்றை, அவற்றைக் கையாளும் கடமையுள்ளோர் மாத்திரம் பார்க்கவேண்டும். தனிநபர் விவரங்களின் பாதுகாப்புக்கென மத்திய அரசு 2023-இல் ஒரு சட்டம் இயற்றியுள்ளது. சட்டம் இல்லாவிடினும், மானியத்துக்காக நம்பித் தந்த விவரம் குழுவுக்குக் குழு படமாகப் பறந்து செல்வது முறையன்று.

இவற்றுக்கு எதிராகச் சில ஆட்சேபங்கள் கூறப்படலாம். உள்வலை எதற்கு, எல்லாவற்றையும் குடியானவரே காணும்படி உழவன் செயலியில் வைத்துவிடலாமே என்பர் சிலர். சிபாரிசுகளும் இருப்பும் வெளிப்படையாக இருத்தல் நன்றே. ஆனால் செயலியில் காணும் விதை இருப்பு, கிடங்கில் உள்ளவர் உள்ளே பதிந்த கணக்கின் நிழல் அல்லவா? உட்கணக்கு பிசகினால் வெளிக்கணக்கும் பிசகும். அதை நம்பி வண்டி கட்டி வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். மேலும் உறுதிப்படாத ஒரு நோய்ச் செய்தியை அலுவலர்கள் தமக்குள் ஆராய்வதற்கு ஓர் உள்ளிடம் வேண்டும். உறுதியான பின் அது வெளியிடத்துக்கு வரட்டும்.

ஆட்கள் குறைவு, இருக்கும் வேலைக்கே பொழுதில்லை, இதற்கு வேறு ஆளா என்பது மற்றோர் ஆட்சேபம். இதில் நியாயமுண்டு. உள்வலை மேலும் ஒரு பதிவேடாக வந்துசேருமாயின், அதனை ஏற்காதிருத்தலே நலம். அது உள்ளே வருகையில் குறைந்தது இரண்டு பழைய படிவங்கள் வெளியே போகவேண்டும் என்பதை நிபந்தனையாக்கலாம். ஜில்லாவுக்கு ஒருவரேனும் இப்பக்கங்களைச் சீர்செய்வதையே தம் முழுக் கடமையாகக் கொண்டிருத்தல் வேண்டும். மற்ற வேலைகளுக்கிடையே பார்த்துக்கொள்ளும்படி விடப்பட்ட வலை, காவலாளி இல்லாத களத்துக்கு ஒப்பாகும்.

இதன் வெற்றியை அளக்கும் கோல் யாது என்பதையும் முன்னரே நிர்ணயித்தல் வேண்டும். எத்தனை பக்கங்கள் ஏற்றப்பட்டன, எத்தனை பேர் திறந்து பார்த்தனர் என்னும் எண்ணிக்கைகள் ஆண்டறிக்கைக்கு அழகு செய்யும். ஆனால் பதிலின்றி நிற்கும் வினாக்கள் எத்தனை, கெடு கடந்த பக்கங்கள் எத்தனை, புதிதாக மாற்றலாகி வந்த அலுவலர் தம் வட்டாரத்தை அறிய எத்தனை நாள் ஆயின என்பனவே உண்மையை உரைப்பவை. இவ்வெண்களை மாதந்தோறும் இணை இயக்குநர் முன் வைத்தாலே போதும்.

எல்லா ஜில்லாக்களிலும் ஒரே நாளில் தொடங்கவேண்டுமென்பதில்லை. கும்மிடிப்பூண்டி போன்ற ஒரு வட்டாரத்தில் ஒரு சம்பாப் போகத்துக்குச் சோதித்துப் பார்த்து, தொலைபேசிப் பட்டியல், விதை உர இருப்பு, பூச்சிநோய் அறிவிப்பு, மானியப் பத்திரங்களின் விவரம் என்னும் நான்கு பொருள்களை மாத்திரம் பிழையின்றி நடத்திக்காட்டலாம். புதிய ரகத்தைச் சிறு பாத்தியில் விதைத்துப் பார்த்த பின்னரே பெருவயலுக்குச் சிபாரிசு செய்வது இலாகாவின் நெடுநாளைய வழக்கம். தன் சொந்த வீட்டுக் காரியத்திலும் அவ்வழக்கத்தைக் கைக்கொள்ளுமாயின், இரவு ஷிப்டு முடிந்து காலையில் விரிவாக்க மையத்தின் படியேறும் குடியானவர் ஒரே வருகையில் விடையோடு வீடு திரும்புவார். அவர் நிலமும் அந்தப் போகத்தில் தரிசாகக் கிடவாது.